கூடைக்குப் பின்னால் ஓர் இருக்கை

கிழக்குத் தாம்பரத்தில் அந்தக் காலனிக்காரர்களுக்கு எதற்கு டிக்கெட் வேண்டுமானாலும் ஸ்ரீநிவாசனிடம் சொல்லிவிடுவார்கள். கும்பகோணத்துக்கு ரயில், தீவுத்திடலில் சர்க்கஸ், சேப்பாக்கத்தில் கிரிக்கெட், மார்கழிக் கச்சேரி, எதுவானாலும் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவருக்கு வேலை என்னவோ மவுண்ட் ரோடில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில்தான். ஆனால் நாலு பேர் அவரை மதித்தது டிக்கெட்டால். கமிஷன் கிடையாது, ஒரு வாய் காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். வரிசையில் முதல் பத்து பேருக்குள் நிற்க வேண்டும், கறுப்பில் ஒரு காசு கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் விரதம் மாதிரி வைத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாங்குவதற்கு முன்னால் இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுவார். எந்தத் தியேட்டரில் எந்தத் தூண் மறைக்கும், எந்தச் சபாவில் எந்த வரிசைக்கு மின்விசிறிக் காற்று வரும் என்பதெல்லாம் மனப்பாடம். இவ்வளவு பார்த்து வாங்குகிற மனிதர் தனக்கென்று எடுத்துக்கொள்வது எது தெரியுமா? எல்லாரும் எடுத்தது போக மிச்சமிருக்கிற மட்டமான சீட்டு. கடைசி நேரத்தில் யாராவது கூடுதலாக வந்து நின்றால் அதையும் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரே மகள். திருவண்ணாமலை அம்பாளுக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் அபிதகுஜாம்பாள் என்று பெயர், வீட்டில் அபி. ஐந்தடி பத்தங்குலம். ஒன்பதாம் வகுப்பில் யாரோ அவள் கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து அதை அவள் கீழே வைக்கவில்லை. ஸ்ரீநிவாசன் தடுத்ததில்லை. பார்த்ததும் இல்லை. பயிற்சி விடியற்காலையில், ஆட்டம் வேலை நாளில், ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் அவர் எங்காவது ஊராருக்காக வரிசையில் நின்றுகொண்டிருப்பார். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் மாநில அணிக்கு வந்த செய்தியை எதிர்வீட்டுக்காரர் பேப்பரில் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அபிக்கு நிச்சயமாயிற்று. நங்கநல்லூர் வரன், பாங்கில் வேலை. பையனைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. அபிக்கும் அவனைப் பிடித்திருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும்போது பையனின் அப்பா ராஜகோபாலன், ஏதோ சில்லறை விஷயம் மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பந்தாட்டம் எல்லாம் சரிப்படாது, பாருங்கோ. ஊர் ஊராப் போயிண்டு, டிராயரைப் போட்டுண்டு... எங்காத்துல வழக்கமில்லை."

"அதுக்கென்ன, நிறுத்திட்டாப் போச்சு" என்றார் ஸ்ரீநிவாசன். பிள்ளை வீட்டார் எதைக் கேட்டாலும் 'அதுக்கென்ன' என்று சொல்லி வளர்ந்த வம்சம் அது. அபி உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

மாசியில் தென்மண்டலக் கோப்பையின் இறுதி ஆட்டம், சென்னையில். தமிழ்நாடும் கேரளாவும் மகளிர் பிரிவில் மோதின. அது முடிந்ததும் ரஷ்யாவிலிருந்து வந்திருந்த ஆண்கள் அணியின் காட்சி ஆட்டம் வேறு இருந்ததால் ஊரெல்லாம் டிக்கெட்டுக்கு ஆலாய்ப் பறந்தது. ஒரு நாள் ராத்திரி தட்டு அலம்பிக்கொண்டே அபி சொன்னாள்: "இதுதான் என் கடைசி மேட்ச்ப்பா. ஒரு தடவை வந்து பாரேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஸ்ரீநிவாசன்தான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறே ஸ்டேடியத்துக்குப் போனார். காவல்காரரிடம் பேசி உள்ளே நுழைந்து, காலி காலரியும் காலி மைதானமுமாகக் கிடந்த இடத்தில் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தார். கிழக்கு காலரி கூடாது. நாலு மணி வெயில் கூரைக்கு அடியில் புகுந்து கண்ணில் அடிக்கும். முதல் வரிசை கூடாது. ஓரத்தில் நடமாடுகிறவர்கள் மறைப்பார்கள். கூடைக்குப் பின்னால் சுத்தமாகக் கூடாது; பலகையும் கம்பமும்தான் தெரியும், பந்து தெரியாது. மேற்கு காலரி, நாலாவது வரிசை, நட்டநடு. முடிந்தது விஷயம்.

டிக்கெட் கொடுக்கிற நாளன்று வரிசையில் மூன்றாவது ஆளாக நின்று பதினொரு டிக்கெட் வாங்கினார். காலனியில் எட்டு பேர், மனைவி நாகலக்ஷ்மி, சம்பந்தி ராஜகோபாலன், அவர். இந்த முறை மட்டும் வாழ்க்கையில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். பதினொன்றில் ஆக நல்ல சீட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அபியிடமும் சொன்னார்: "மேற்கால, நாலாவது வரிசை, சரியா நடுவுல. நிமிந்து பாத்தா நான் தெரிவேன்."

ஆட்ட நாளன்று ஸ்டேடியம் வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ராஜகோபாலனும் வந்தார். கூடவே அவர் மைத்துனர், பூனாவிலிருந்து அன்று காலைதான் வந்தவர்.

"இவனும் பொண்ணைப் பாத்த மாதிரி இருக்கும்னு அழைச்சுண்டு வந்தேன். உங்களுக்கு டிக்கெட்டா பிரமாதம்!" என்று ராஜகோபாலன் சிரித்தார்.

கவுண்டரில் பலகை போட்டு மூடியாயிற்று. எல்லாரும் ஸ்ரீநிவாசனைப் பார்த்தார்கள். கெஞ்சுகிற பார்வை இல்லை, அதட்டுகிற பார்வையும் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தோடு நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் வரும் என்பதில் சந்தேகமா இருக்கும்?

"ஏன்னா, உங்களுதைக் குடுத்துடுங்கோ. சம்பந்தி வீட்டு மனுஷா" என்று நாகலக்ஷ்மி காதோடு சொன்னாள்.

கை தானாகப் பைக்குள் போனது. டிக்கெட்டைக் கொடுத்தது. "அதுக்கென்ன" என்று வாய் சொன்னது. அவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். வாசலில் தனியாக நின்றபோது ஸ்ரீநிவாசனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லத் தெரியவில்லை. மகள் கேட்டது ஒன்றே ஒன்று. உள்ளே கூட்டம் ஹோ என்று இரைந்தது.

"இன்னா சார், நீயா நிக்கற?"

எல்லம்மா. இடுப்பில் சுருக்குப்பை, வாயில் வெற்றிலை. தியேட்டர் வாசலிலும் சேப்பாக்கத்திலும் கறுப்பில் டிக்கெட் விற்கிறவள். இருபது வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் தூரத்திலிருந்து பார்த்து முறைத்துக்கொள்வார்கள்.

"டிக்கெட் இருக்கா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கீது. ஆனா நீ வாங்க மாட்ட சார். என்னைக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்கினு போற ஆளாச்சே."

"என் பொண்ணு ஆடறா உள்ள."

எல்லம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கூடைக்குப் பின்னால சீட்டு. ஒருத்தனும் வாங்கல. நானே பேஜாராயி நிக்கறேன். போட்ட துட்டக் குடு, போதும்."

அவர் அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். அவர் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

தான் வேண்டவே வேண்டாம் என்று தள்ளிய அதே இடம். முதல் வரிசை, கம்பத்துக்கு எட்டடி தள்ளி. எதிரே பலகையின் முதுகுதான் தெரிந்தது. முதல் பாதியில் அந்தக் கூடையைக் காக்கிற முறை தமிழ்நாட்டுக்கு. கேரளத்துப் பெண்கள் பந்தோடு பாய்ந்து வரும்போதெல்லாம் அபி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றாள். அவர் காதில் முதலில் விழுந்தது அவள் குரல்.

"இடது பக்கம் விடாதே! ஜீவா, பின்னால வா! நான் பாத்துக்கறேன், நீ போ!"

ஸ்ரீநிவாசன் பிரமித்துப் போனார். வீட்டில் 'மோர் விடட்டுமா' என்று கேட்கிற குரலா இது? மற்ற நாலு பெண்களும் அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி போய் நின்றார்கள். இந்தக் குரல் எட்டு வருஷமாகத் தன் வீட்டில்தான் குடியிருந்திருக்கிறது, தனக்குத் தெரியாமல். அவருக்கு வெட்கமாக இருந்தது. சினிமாக் கொட்டகைத் தூணைக்கூட நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனிதர், இன்னது என்று பார்க்காமலேயே ஒன்றை நிறுத்திவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இடைவேளைக்கு நடந்தபோது அபி நிமிர்ந்து மேற்கு காலரியைப் பார்த்தாள். நாலாவது வரிசை, நட்டநடு. பூனாக்காரர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவள் முகம் ஒரு கணம் எப்படி ஆயிற்று என்பதை அந்த ஸ்டேடியத்தில் ஒரே ஒருவர்தான் பார்த்தார். எழுந்து கையை ஆட்டினார். அவள் திரும்பிவிட்டாள்.

இரண்டாம் பாதியில் கூடை மாறியது. இப்போது அபி அவரை நோக்கி ஓடி வந்தாள். பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பந்து தெரிந்தது. அவருக்கு அவள் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்வை வழிய, நேராகக் கூடையையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தாள். காலி மைதானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அங்கே ஆட்கள் ஓடுவார்கள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

கடைசி எட்டு விநாடி இருக்கும்போது தமிழ்நாடு இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. அபியை ஒருத்தி தள்ளிவிட்டாள். தடையில்லாமல் எறிய இரண்டு வாய்ப்பு. கோட்டில் நின்று முதல் பந்தை எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே தெறித்து, தரையில் குதித்து, அவர் காலடிக்கே வந்தது. பந்தோடு கூடவே வந்த அவள் கண் அவர் மேல் நின்றது.

தன்னால்தான் அவள் கலங்கப்போகிறாள் என்று ஸ்ரீநிவாசன் சீட்டில் ஒடுங்கினார். அபி அவரைப் பார்த்தாள். இவர் எங்கே இங்கே என்பது போல ஒரு புருவம் ஏறியது. அப்புறம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை எறிந்தாள். வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. மிச்ச விநாடிகளைக் கேரளம் பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டது. ஒரு புள்ளியில் தோல்வி. அவர் அழுதுகொண்டிருந்தார், தோற்றதற்கு இல்லை.

ரஷ்யர்கள் ஆட்டத்துக்குக் காலனிக்காரர்கள் தங்கிவிட்டார்கள். அபி பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் வீட்டு மனிதர்கள் மட்டும் எழும்பூரில் தாம்பரம் வண்டி ஏறினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. ராஜகோபாலன் நல்ல மனநிலையில் இருந்தார்.

"பேஷா ஆடினா. சரி, நல்லபடியா முடிஞ்சுது. இனிமே அந்த ஷூவையெல்லாம் யாருக்காவது குடுத்துடலாம்."

"இல்லை" என்றார் ஸ்ரீநிவாசன்.

நாகலக்ஷ்மி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் ஒத்துண்டது தப்பு. பாக்காம சொன்ன வார்த்தை. அவ ஆடுவா. கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவா."

ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து மைத்துனரோடு பெட்டியின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீநிவாசனுக்குப் பயமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிர்ந்த மாதிரியும் இருந்தது. மகள் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினார்.

அபி கோபமாக இருந்தாள்.

"என்னைக் கேட்டியாப்பா?"

"உனக்காகத்தானே..."

"அன்னிக்கு நிறுத்தறேன்னு சொன்னப்பவும் கேக்கலை. இன்னிக்கு ஆடுவான்னு சொன்னப்பவும் கேக்கலை. எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா."

வண்டி மாம்பலத்தில் நின்று கிளம்பியது. ஸ்ரீநிவாசன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நிமிர்ந்து, "சரி, இப்போ கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ரெண்டும்" என்றாள் அபி. பையை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து, ஆடுகிற வண்டியில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து போய், ராஜகோபாலனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

தண்டவாளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. ராஜகோபாலன் தலையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. அவள் விடாமல் பேசினாள். பூனாக்காரர் நடுவில் ஏதோ சொன்னார். அவருக்கும் பதில் சொன்னாள். கிண்டி போயிற்று. பரங்கிமலை போயிற்று. ஒரு கட்டத்தில் ராஜகோபாலன் ஏதோ கேள்வி கேட்டார், அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். எழுந்து போய்ச் சமாளிக்கலாமா என்று ஸ்ரீநிவாசனுக்கு இரண்டு தடவை கால் துடித்தது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழவந்தாங்கலில் அவர்கள் இறங்கிப் போனார்கள். ராஜகோபாலன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒத்துண்டாரா?"

"இல்லை. ஆனா முடியாதுன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை வந்து எல்லார் எதிரவும் பேசுன்னார். போறேன்."

"நானும் வரட்டுமா?" என்று ஸ்ரீநிவாசன் கேட்டார். மகளிடம் அனுமதி கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அவள் அவர் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"வா. ஆனா நீ பேசப்படாது. பக்கத்துல உக்காந்து பாக்கத்தான்."