கிள்ளானில் கிளாராவின் காலை நிகழ்ச்சி

காலை ஆறேமுக்காலுக்கு கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் செல்லும் கொமுட்டர் புறநகர் ரயிலில் ஏறினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருந்த கிளாராவின் அடுக்குமாடி வீட்டிலிருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். கிளாரா விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு மணிக்கு அவள் ஒலிவாங்கியின் முன் இருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் சென்னையில் நடந்த வானொலி அறிவிப்பாளர் பயிற்சியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நான் தூத்துக்குடிக்காரி. அவள் கோலாலம்பூரில் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவளுக்கு 'ழ' வராது. பயிற்சி முடிந்தபோது நான் முதலிடம். அவள் எத்தனையாவது இடம் என்று நான் பார்க்கவேயில்லை. இன்று நான் தூத்துக்குடியில் ஒரு தனியார் எஃப்.எம்.மில் மாலை நேரம் பாட்டுப் போடுகிறேன். அவள் கிள்ளானிலிருந்து காப்பார், பந்திங் வரைக்கும் அந்தக் கடலோரம் முழுக்க விழித்தெழும் குரலாக இருக்கிறாள். அவள் நிலையத்தில் இப்படித்தான் அவளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள்.

சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஒரு வாடகைக் கார் பிடித்தேன். எட்டு ரிங்கிட். ஓட்டுநர் ஐம்பது வயதுத் தமிழர். அவர் காரில் கிளாரா பேசிக்கொண்டிருந்தாள். கடல்நீர்ப் பெருக்கும் மழையும் சேர்ந்துகொண்டதால் காப்பார் பக்கம் எந்தெந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று, தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப்போலச் சொன்னாள்.

"இவங்க சொல்லாம நான் எந்த ரோட்டுலயும் ஏறமாட்டேன் லா," என்றார் ஓட்டுநர், மலேசியத் தமிழின் அந்த 'லா'வோடு.

அவள் என் சிநேகிதி என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நானும் ரேடியோவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் ஊரில் நேயர்கள் என்ன பேசுவார்கள் என்று அடுத்த கேள்வி. பாட்டுக் கேட்பார்கள் என்றேன். அது பொய். எங்கள் நிலையத்தில் நேயர் தொலைபேசியை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பாட்டுகள் சென்னையிலிருந்து வரிசைப்படுத்தி வந்துவிடும்.

வானொலி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. ஒலிப்பதிவு அறை சிறியது. எங்களுடையது பெரிது, குளிர்சாதனமும் நன்றாக வேலை செய்யும் என்று எண்ணி ஒரு கணம் ஆறுதல் பட்டேன். பிறகு கிளாராவின் கைப்பக்கம் இருந்த தொலைபேசிப் பலகையைப் பார்த்தேன். அழைப்புகள் காத்திருப்பதைக் காட்டும் ஐந்து விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

எட்டரை மணிபோல ஒரு பெண் அழைத்தாள். பெயர் தேவி. காப்பாரைத் தாண்டி ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், வீடு. அவள் அம்மாவுக்கு அன்று கிள்ளானில் டயாலிசிஸ். கூட்டிப்போக வரும் வேன் தண்ணீரைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சென்ற முறையும் காய்ச்சலால் போகவில்லை, இன்றும் தவறினால் அம்மா தாங்கமாட்டார் என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. கிளாரா பதறவில்லை. எத்தனையாவது மைல், பக்கத்தில் என்ன கடை, அம்மாவால் நடக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் விளம்பர நேரம் என்று சைகை காட்டினார். கையை ஆட்டி அவரை நிறுத்திவிட்டு, "காப்பார் பக்கம் யாரு பெரிய லோரியில இருக்கீங்க? எனக்கு ஒரு ஆள் வேணும்," என்று மட்டும் சொல்லிப் பாட்டைப் போட்டாள்.

அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் என் மனதின் ஒரு மூலை, லோரி எதுவும் வரக்கூடாது என்று விரும்பியது. முகம் தெரியாத ஓர் அம்மாவின் உயிர் அங்கே நிற்கிறது, நான் இங்கே கிளாரா தோற்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பொறாமை இவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பாட்டு முடியும் முன்பே ஒரு விளக்கு எரிந்தது. குணா என்ற மணல் லோரி ஓட்டுநர். "அக்கா, எம்ப்டி லோரிதான். நான் பக்கத்துலதான் இருக்கேன். அம்மாவ முன்சீட்டுல ஏத்திக்கிறேன், வேன் நிக்கிற இடம் வரைக்கும் விட்டுடறேன்."

ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு தேவி மறுபடி அழைத்தாள். தண்ணீரைத் தாண்டிவிட்டார்கள். அம்மா வேனில் ஏறிவிட்டார். கிளாரா நன்றி சொல்லிவிட்டு, தவறவிட்ட விளம்பரங்களை வரிசையாக ஓடவிட்டாள். நான் கைதட்டினேன். தயாரிப்பாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரிந்தது அந்தக் கைதட்டல் மட்டும்தான்.

பத்து மணிக்கு முன் கிளாரா என்னை ஒலிவாங்கி முன் உட்காரவைத்தாள். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு பிசிறில்லாமல் பேசினேன். எல்லா 'ழ'வும் அதனதன் இடத்தில் விழுந்தன. பந்திங்கிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"அக்கா, தமிழ் ரொம்ப அழகா இருக்கு, நியூஸ் மாதிரி. கிளாரா அக்கா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மதியம் கிள்ளானின் இந்தியர் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாடு. மீனோடு பதினாறு ரிங்கிட். கிளாரா கொடுத்தாள். ரசம் ஊற்றும்போது, இனி அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"கிளாரா, எனக்கு உம் மேல பொறாமையா இருக்கு."

"தெரியும்," என்றாள். "வந்ததுலேர்ந்து நீ எங்க ஸ்டேஷன்ல குறை தேடிக்கிட்டே இருக்க." கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு, "நான் போன் ஆப்புல உன் ஷோ கேக்கறேன் ராணி. சாயங்காலம் எல்லாம் உன் ஸ்டேஷன்தான். பாட்டு மட்டும்தான் வருது. நீ ஏன் பேசவே மாட்டேங்கற?"

எங்களுக்குப் பேச முப்பது நொடிதான், அதற்கும் சென்னையிலிருந்து எழுதி வரும் என்றேன்.

"முப்பது செகண்டா?" என்று கேட்டு யோசித்தாள். "இன்னிக்கி லோரி வேணும்னு நான் சொன்னது பத்து செகண்ட்கூட வராது லா."

அவள் என்னை மட்டம் தட்டவில்லை. கணக்கைத்தான் சொன்னாள்.

மறுநாள் விமான நிலையப் பேருந்தில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, போனின் எஃப்.எம்.மில் அவள் நிகழ்ச்சியைக் கேட்டேன். தேவி அழைத்து, அம்மா வீட்டில் தூங்குகிறார் என்று சொன்னாள். நகரத்தைத் தாண்டியதும் அலைவரிசை தேய்ந்து, வேறு மொழிப் பாட்டு ஒன்று குறுக்கே வந்தது. சலிப்புடன் அணைத்தேன். திருச்சியில் இறங்கி, பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் மாலையே எழுதி வந்த தாளை ஓரமாக வைத்தேன். முத்தையாபுரம் சாலையில் குழாய் உடைந்து தண்ணீர் நிற்கிறது, உப்பு லாரிக்காரர்கள் பைபாஸில் போங்கள் என்றேன். நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் சொன்னேன். முதலில் அழைத்தவர் எங்கள் மேலாளர். யாரைக் கேட்டுப் பேசினாய் என்று சத்தம் போட்டார். அவர் வைத்ததும் மறுபடி மணி அடித்தது. ஒரு லாரி ஓட்டுநர். பைபாஸிலும் ஒரு வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

மேலாளர் விளக்கம் கேட்டிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. கிளாராவுக்கு இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகவே சந்தோஷப்படுவாள். அதைத் தாங்கும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.