அம்மையப்பனின் சீன எழுத்து

அம்மையப்பனுக்குச் சீன மொழியில் ஒரே ஒரு எழுத்துதான் தெரியும். இருபது வருடம் சீனாக்காரர் கடையில் வேலை பார்த்த மனுசனுக்கு ஒரே ஒரு எழுத்தா என்று வாயைப் பிளக்காதீர்கள். துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ‘யல்லா’, ‘கலாஸ்’, ‘மாஃபி’ என்ற மூன்று அரபி வார்த்தைகளோடு ஊர் திரும்பியவர்களை நமக்குத் தெரியாதா என்ன? அவர்களோடு வைத்துப் பார்த்தால் இவர் கற்றுக்கொண்ட அந்த ஒரு எழுத்துக்குக் கனம் அதிகம்.

அந்த எழுத்து இதுதான்: 唐. மேலே ஒரு கூரை, இடப்பக்கம் சரிந்து இறங்கும் சுவர், நடுவே குறுக்குக் கம்புகளைத் துளைத்து நிற்கும் ஒரு கம்பம், அடியில் சின்னதாக ஒரு பெட்டி. ‘தாங்’ என்று வாசிக்க வேண்டும். அது அவருடைய முதலாளியின் குடும்பப் பெயர்.

அம்மையப்பனுக்கு ஜெயங்கொண்டம் பக்கம். துபாயில் சைனா மார்க்கெட் திறந்த புதிதில், தாங்கின் குழாய்க் கடைக்கு ஸ்டோர் ஹெல்பராக வந்து சேர்ந்தார். கண்டெய்னர் வந்தால் இறக்குவது, டிராலியில் அடுக்குவது, கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது, இதுதான் டியூட்டி. பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் சரக்கு ஒரே முற்றத்தில் வந்து குவியும். யார் பெட்டி எது என்று தெரிய ஒவ்வொருவரும் தம் குடும்பப் பெயரைக் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லியிருப்பார்கள். தாங் ஒரு அட்டையில் அந்த எழுத்தைப் போட்டுக் காட்டி, இது இருக்கிற பெட்டியெல்லாம் கொண்டு வா என்றார்.

அம்மையப்பன் கொண்டு வந்தார். ஒன்றும் விடாமல் கொண்டு வந்தார். குழாய்ப் பெட்டிகளோடு, எட்டுப் பெட்டி மண் குதிரை பொம்மைகளும் நாலு பெட்டி பட்டுச் சட்டைகளும் கடைக்குள் வந்து இறங்கின. சற்று நேரத்தில் பொம்மைக் கடைக்காரர் ஒரு பக்கமும் துணிக் கடைக்காரர் ஒரு பக்கமுமாகக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்த மாதமே வேலை போச்சுடா சாமி என்று அம்மையப்பன் டிராலிக்குப் பின்னால் ஒதுங்கினார். தாங்கோ விழுந்து விழுந்து சிரித்தார்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தாங் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வெறும் சாயத் தேநீர் ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். பால் இல்லை, சீனி இல்லை, குடிப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும் நடுவில் ஒன்று. இந்தியும் இங்கிலீஷும் கைச்சாடையும் கலந்த மார்க்கெட் பாஷையில் விளக்கம் நடந்தது. அந்த எழுத்து தன் குடும்பப் பெயர் மட்டுமல்ல, ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு அரச வம்சத்தின் பெயரும் அதுதான். மண் குதிரை அந்தக் காலத்து மாதிரி. பட்டுச் சட்டைக்கும் அதே பெயர். தங்கள் தெற்குக் கரையிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் தங்களையே ‘தாங் ஆட்கள்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். விட்டு வந்த ஊருக்கு ‘தாங் மலை’ என்று பெயர்.

“அப்ப ராஜா உங்க தாத்தாவா பாய்?” என்றார் அம்மையப்பன்.

“ராஜா வீட்டுப் பேரு லீ. நாட்டுப் பேருதான் தாங். நான் குழாய்க்காரன்” என்றார் தாங். “உங்க ஊர்ல ராஜா யாரு?”

“சோழன். எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரத்துலதான் கோயில் கட்டியிருக்கான்.”

“சோழன்னு பேரு வச்ச குடும்பம் இருக்கா?”

அம்மையப்பன் யோசித்தார். “குடும்பம் தெரியல பாய். பஸ்ஸு இருந்துச்சு. ரயிலு இப்பவும் ஓடுது.”

பிறகு அம்மையப்பனின் பெயர் விவகாரம் வந்தது. விசாவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கலியபெருமாள் என்று இருந்தது. அது அவருடைய அப்பா. திருச்சியைத் தாண்டாத அந்த மனிதரை துபாயில் எல்லா ஆபீசிலும் “மிஸ்டர் கலியபெருமாள்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மகனுக்கும் கலியபெருமாள்தானே என்று தாங் கேட்டார். இல்லை, மகன் வருணுக்கு அம்மையப்பன். வருணின் பிள்ளைக்கு? வருண். தாங் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “தலைமுறைக்குத் தலைமுறை போர்டை மாத்துவீங்களா? அப்ப பேரன் வந்தா நீ காலியா?” என்று கேட்டார். அம்மையப்பன் சிரித்து மழுப்பினாலும் அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஊருக்கு முதல் பெட்டி அனுப்பியபோது அவர் அதன்மேல் தமிழில் தன் பெயரைத்தான் எழுதினார். இங்கிலீஷில் அட்ரஸ் ஒட்டியிருந்தும், யார் பெட்டி என்று தெரியாமல் கார்கோ முற்றத்தில் அது ஒரு மாதம் வெயிலில் கிடந்தது. தாங் பார்த்தார். மார்க்கரை எடுத்துத் தன் எழுத்தை அதன்மேல் போட்டார். தாங் பெட்டியென்றால் கார்கோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவார். அன்றிலிருந்து டாங் ஜூஸ் பொடி டப்பா, பால் பவுடர், போர்வை, டார்ச் லைட் என்று என்ன அனுப்பினாலும் பெட்டியின்மேல் அந்த எழுத்துதான்.

இந்த இடத்தில்தான் ஒரு பொய் முளைத்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயை மூடிக்கொண்டிருந்த பாவம்.

அம்மையப்பனின் மனைவி பூவாயி புருசன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள், அவர்தான் சொல்ல வேண்டும். மகள் ராதிகாவின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கப் போனபோது, பேர் வெட்டுகிறவர் “பேரு என்னம்மா?” என்று கேட்டார். கூட ஆள் யாரும் இல்லை. பூவாயி யோசித்தாள். பை அடியில் மடித்துப் போட்டிருந்த பெட்டி அட்டையை உருவி நீட்டினாள். “இதைப் பாத்து வெட்டு. எங்க வீட்டுக்காரர் எழுத்து.”

“எழுத்தா, கோலமா?” என்று முனகிக்கொண்டே அவரும் வெட்டினார். குடம், அண்டா, தவலை, சொம்பு, தாம்பாளம், எல்லாவற்றிலும் சீன வம்சம் ஏறிக்கொண்டது. லீவில் வந்த அம்மையப்பன் அதைப் பார்த்துத் திகைத்துப் போனார். “துபாயில உங்களுக்குன்னு தனி எழுத்தே குடுத்திருக்காங்களாமே!” என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். பூவாயி முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை பதினாலு வருடம் ஓடிவிட்டது.

அறுபது நெருங்கியதும் முட்டி போய்விட்டது. மார்ச் முடிவில் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போவதென்று முடிவானது. போனில் சொன்னபோது பூவாயி சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், அவள் வேறொன்று கேட்டாள். “நீங்க இருந்த எடத்த நான் ஒரு தடவ பாக்கணும்.” இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அம்மையப்பனுக்கு அவளைக் கூட்டிவர ஆசை. பயமும் இருந்தது. அல் குசைஸில் ஆறு பேர் ரூமில் ஒரு கட்டில், மார்க்கெட்டில் ஒரு டிராலி, இதுதான் அவருடைய துபாய். அவருடையது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும் எழுத்து அங்கே கடைக்குக் கடை தொங்கும். அவள் எதிரில் தான் ஒன்றுமில்லாதவனாக நிற்கப் போகிறோம் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினார்.

விசிட் விசா எடுத்துத் தர கலீலுர் ரஹ்மான் இருந்தார். அதே ஏரியாவில் டிராவல்ஸ் வைத்திருந்த கீழக்கரைக்காரர். பூவாயியின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “அண்ணே, இதுல ஒத்தப் பேருதான் இருக்கு. பூவாயின்னு மட்டும் இருந்தா விசா மாஃபி, கெடைக்காது. குடும்பப் பேரு சேத்து புது பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்க.”

ஜனவரியில் வருண் அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப் போனான். கவுண்டரில் புருசன் பேர் கேட்டதற்கு அம்மா மூன்று தடவை மகனையே பார்த்தாளாம், கடைசியில் அவன்தான் சொன்னானாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மார்ச் முதல் வாரத்தில் விசா வந்தது. பூவாயி அம்மையப்பன் என்று அச்சடித்திருந்த தாளை அம்மையப்பன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரூமில் யாரும் இல்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்தார்.

பூவாயி வந்து இறங்கினாள். கலீலுர் ரஹ்மான் தன் ஃபிளாட்டில் ஒரு அறையை இரண்டு வாரத்துக்கு விட்டுக் கொடுத்தார். மறுநாளே மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அம்மையப்பன் கடல், கோபுரம் என்று நாலு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் முடியவில்லை.

மார்க்கெட்டுக்குள் நுழைந்த பத்தாவது எட்டில் பூவாயி நின்றுவிட்டாள். ஒரு துணிக்கடை கண்ணாடியில் அந்த எழுத்து ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது.

“ஏங்க! உங்க எழுத்து!”

அம்மையப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அடுத்தது பொம்மைக் கடை. அதற்கப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடை, சிவப்புப் பலகையில் தங்க நிறத்தில். “அய்யய்யோ, இங்கயும் இருக்கு! இம்புட்டு எடத்துலயா போட்டு வச்சிருக்காங்க?” பூவாயி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், பெரிய இடத்து ஆள் வீட்டுக்காரி இப்படி வந்து நிற்கக் கூடாது என்பதைப் போல. அதைப் பார்த்த பிறகு அம்மையப்பனால் மேலே நடக்க முடியவில்லை.

ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். அது முதலாளியின் குடும்பப் பெயர், ஒரு பழைய ராஜ வம்சத்தின் பெயர், சட்டைக்கும் பொம்மைக்கும் பெயர், ஆனால் தன் பெயர் மட்டும் இல்லை என்றார். பெட்டி தொலையாமல் இருக்க இரவல் வாங்கியது என்றார். “எனக்குன்னு இங்க ஒண்ணும் இல்ல புள்ள. ஒரு எழுத்துகூட இல்ல. உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பூவாயி சாப்பாட்டுக் கடைப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ராதிகாவின் மாமியார் வீட்டு அடுக்கில் இருக்கும் தவலையும் தாம்பாளமும் அவள் கண்ணில் வந்திருக்கும். திட்டினால்கூடத் தேவலை என்று அம்மையப்பனுக்கு இருந்தது. அவள் எழுந்தாள். “வாங்க, மொதலாளியப் பாத்துட்டுப் போவோம்.”

தாங்குக்கும் தலை நரைத்துவிட்டது. வாசலுக்கே வந்து வணக்கம் வைத்தார். அம்மையப்பன் சட்டைப் பையிலிருந்து விசாத் தாளை எடுத்துக் காட்டினார். பெண்டாட்டிக்குப் புருசன் பெயர் சேர்ந்ததைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். “என் வீட்டுக்காரி பேரு வாங். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசம், இன்னும் வாங்தான்” என்று சிரித்தார். பிறகு ஒரு பெட்டியை இழுத்து வந்தார். ஊருக்குக் கொண்டுபோக நாலு குழாய், ஒரு ஷவர், தேயிலைப் பொட்டலம். டேப் ஒட்டி முடித்து வழக்கம்போல மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

“அந்த எழுத்து வேணாம்னு சொல்லுங்க” என்றாள் பூவாயி.

அம்மையப்பன் பதறிவிட்டார். “ஏ புள்ள, அது மரியாதைக்கு...”

“பாத்திரத்துல இருக்கறது இருக்கட்டும். இத்தன வருசம் அவரு பேரச் சொல்லித்தான் நம்ம வீட்டுக்குப் பெட்டி வந்துச்சு. அதுக்கு ஒரு கும்புடு. ஆனா இது உங்க கடசிப் பெட்டி.” அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள். “அம்மையப்பன்னு எழுதச் சொல்லுங்க.”

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. தாங்குக்கு அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் புரியாவிட்டாலும் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தனக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று சொல்லி மார்க்கரை அம்மையப்பன் கையில் கொடுத்தார்.

“இன்னொரு தடவ சொல்லு. எழுதறப்ப தப்பாயிரும்.”

“போங்க, ஒரு தடவதான்” என்றாள் பூவாயி. அவள் முகம் சிவந்திருந்தது.

அம்மையப்பன் குந்தி உட்கார்ந்து எழுதினார். எழுத்து மேலும் கீழுமாகப் போனது, கண் மறைத்ததால் புள்ளி தள்ளி விழுந்தது. ஒரு பக்கத்தில் எழுதினால் போதும் என்றார் தாங். அம்மையப்பன் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து நாலு பக்கமும் எழுதினார்.