எல்லாருக்கும் வந்த ரங்கூன் அட்டை

உறையில் போட்டு ஒட்டிய ஒரு கடிதத்துக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எரிச்சல் மூள்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த காலம் அது. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மாடியறைக்குத் தபால்காரர் ஏறி வரமாட்டார். எங்கள் கடிதங்களெல்லாம் கீழே பாயின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் வரும். பத்திரிகையில் பேனா நண்பர் வேண்டுமென்று அறிவித்திருந்த ஒருவருக்கு எழுதிப் போட்டேன். ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கர். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து! மழைக்கு முந்திய எறும்பு வரிசைபோல வலப்புறம் சாய்ந்து ஓடும். இடம் தீர்ந்தால் விளிம்பில் ஏறித் தபால் தலையைச் சுற்றிக்கொண்டு போகும். அதைப் பார்த்த நாளில் சரக்குக் கொட்டகையின் கரிப்புழுதிகூட மேகமாகத் தெரியும்.

ஒரே குறை. மனிதர் தபால் அட்டையில்தான் எழுதுவார். அட்டை என்றால் பாய் படிப்பார். பாய் படித்தால் கடையே கேட்கும்.

ரங்கூன்காரர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு பர்மியக் கிழவி, வாயில் சுருட்டு அணையாதவள். அந்த வீட்டு மாடியில் குடியிருந்த ஒருவன் வயலின் பழகினான். இருவருக்கும் நடந்த போர்தான் அட்டைக்கு அட்டை வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து கடைக்குள் நுழைகிறேன், கைகூடக் கழுவவில்லை.

"தம்பி, ரங்கூன்லேர்ந்து வந்திருக்கு. கெழவி ஏணியத் தூக்கி உள்ள வச்சுட்டாளாம்! வயலின்காரன் மாடியிலேயே மாட்டிக்கிட்டான்."

"பாய், அது எனக்கு வந்த கடுதாசி."

"ஒனக்குத்தான். யாரு இல்லேன்னா? உக்காரு, டீ ஆறுது."

ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர் ஒருவர் அங்கே தினமும் சாப்பிடுவார்; மலாய்ப் பழக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அவன் எப்படி எறங்குனான்னு கேட்டு எழுதுங்கண்ணே. மறந்துடாதீங்க லா."

ஏணி எனக்கு எதற்கு? அதற்கு முந்திய மாதம், மழையில் நனையும் தண்டவாளங்களைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். கவிதையுமில்லை, கட்டுரையுமில்லை. அறையில் காட்டினால் சிரிப்பார்கள். ஆபீசில் காட்டினால் வேலைக்கே கேடு. உலகத்தில் ஒரு மனிதர் அதைப் படித்து, இதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுருட்டு இருந்தது, ஏணி இருந்தது, பாய்க்கு சலாம்கூட இருந்தது. என் மழை ஒரு சொட்டும் இல்லை.

அன்றைக்கே எழுதினேன்: என் பக்கங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தயவுசெய்து உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள்.

கப்பலுக்குக் கப்பல் காத்திருந்தேன். பழுப்பு உறை வந்தே விட்டது. பாய் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "பிரிக்கல தம்பி. அல்லா சாட்சி." குரலில் மனத்தாங்கல்.

வாசலுக்குப் போய், மாட்டுவண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று பிரித்தேன். அரைப் பக்கம். எழுத்துகூட நிமிர்ந்து நின்றது, புகைப்படக்காரன் முன்னால் நிற்கிறவன்போல. 'தங்கள் கட்டுரை கிடைத்தது. நன்று. இவ்விடம் அனைவரும் சுகம். தனியாக ஒருவருக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. பேனா ஓட மறுக்கிறது. ஏணி விவகாரத்தைக் கடை நண்பர்களுக்கு வேறு அட்டையில் எழுதியிருக்கிறேன்.'

நன்று. அது பதிலா? நாலு பக்க மழைக்கு ஒரு சொல். மாசி மாத வெயில்போல் பளிச்சென்ற பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. திட்டியிருந்தாலாவது சண்டைக்குப் போயிருப்பேன்.

உள்ளே சிரிப்பு வெடித்தது. அந்த அட்டையும் இதே தபாலில் வந்திருக்கிறது. பாய் படித்துக்கொண்டே போனவர், எழுத்து விளிம்பில் ஏறிய இடத்தில் திக்கி நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க வா. 'வயலினை' வரைக்கும் வருது. அப்புறம் ஒரே கிறுக்கல். ஒன் ஆளு எழுத்து ஒனக்குத்தான் புடிபடும்."

உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். எறும்புகள் அங்கே வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஒரு எழுத்தில்கூட எனக்கு நாக்குத் தடுக்கவில்லை.

"'வயலினைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கினான், கிழவி அதைப் பிடித்து...'"

"சத்தமா படிங்கண்ணே," என்றார் கரி அள்ளுகிறவர். "பின்னால கேக்கல லா."