சாச்சியின் பீங்கான் தட்டு

மாவை விரித்து, அத்திப்பழத்தையும் ஹாம் என்கிற பன்றிக்கறியையும் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி வட்ட வட்டமாக வெட்டினாள் என் பேத்தி. அது வேகிற வாசனைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வயதில் ஆம்பூரில் இதை நானே கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்போது நோன்பு மாதம். சாச்சி என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி பீங்கான் தட்டில் அத்திப்பழம் அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டுக்காரரும் என் அப்பாவும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை. சாச்சியின் தட்டை அம்மா வெறுமையாகத் திருப்பியதே இல்லை, முறுக்கு சுட்டு வைத்துத்தான் தருவாள். நானோ அந்தத் தட்டிலேயே சப்பாத்தியை விரித்து, பழத்தோடு மதியம் மிஞ்சிய பன்றிக்கறியையும் வைத்துச் சுருட்டினேன். இனிப்பும் காரமுமாக, அப்படி ஒரு ருசி.

அம்மா பார்த்துவிட்டாள். "அடிப்பாவி, இன்னாடி பண்ணி வச்சிக்கிற? அது சாச்சி தட்டுடி."

சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தாள். அதற்குள் சாச்சியே வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தட்டு குடுங்க. ஊட்டுக்கு ஆளுங்க வந்துகீறாங்க."

அம்மா தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் சொன்னேன். "அதுல பன்னிக்கறி வச்சிட்டேன் சாச்சி."

தட்டுக்கு நீட்டிய கையைச் சாச்சி மடக்கிக்கொண்டார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினார். "பரவால்ல, உங்க ஊட்லயே இருக்கட்டும்."

அடுத்த வாரமும் அத்திப்பழம் வந்தது, தாளில் பொட்டலமாக; திருப்பித் தரத் தட்டு இல்லை.

"நம்ம கையால சுட்டத இனிமே எப்படிடி குடுக்கிறது?" என்றாள் அம்மா. தாளை நீவி நீவி மடித்தாள்.