பிட்டா – ஒன்று, சத்தம் மட்டும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்... என் முதல் பயோடேட்டாவில் "ஹாபி: பறவை பார்த்தல்" என்று இருந்தது. அதுவரை நான் உற்றுப் பார்த்த பறவையெல்லாம் குழம்பில் கிடந்தவைதான்.

டைப்பிங் சென்டர் அக்கா செய்த வேலை. "ஹாபி காலியா இருந்தா நல்லாவா கீது?" என்று அவரே அடித்துவிட்டார்.

புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்த காலம். விஜயபுரத்துக் கடலைக் கொல்லையிலிருந்து திருப்பதிக்கு வந்து, டிவி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆறு மாதம் ஓட்டியிருந்தேன். புரொபேஷன் முடிகிற நேரம். நிரந்தரமா, திரும்பவும் கொல்லையா என்பது மேனேஜர் கையில்.

அவர் பம்பாய்க்காரர். பறவைப் பைத்தியம். என் ஹாபியைப் படித்துவிட்டார்... ஆபீஸ் கும்பலோடு பறவை பார்க்கப் போகலாம், நீதான் வழிகாட்டி என்றுவிட்டார்.

மார்கழி ஞாயிறு, விடியல். மங்கி கேப்பில் நாப்தலின் வாசனை. பத்துப் பேர், முன்னால் நான். ஊர் நடுவே ஏரி, ஏரி நடுவே புதர் மண்டிய திட்டு. மழை சரியில்லாத வருஷம், கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய்விட்டோம். சுற்றிலும் லாட்ஜ் பால்கனிகளில் ஈர வேட்டி காயப்போட்ட மொட்டைத் தலைகள் எங்களை வேடிக்கை பார்த்தன.

புதரில் ஏதோ அசைந்தது. "வாட் இஸ் தட்?" என்றார் மேனேஜர்.

பயத்தில் இங்கிலீஷ் வரவில்லை, தெலுங்குதான் வந்தது. "ஏதோ பிட்ட சார்." ஏதோ குருவி என்றேன், அவ்வளவுதான்.

"பிட்டா! ஆர் யூ ஷ்யூர்?"

குருவி என்பதில் எனக்கென்ன சந்தேகம்? "யெஸ் சார்."

இங்கிலீஷில் பிட்டா என்றே ஒரு பறவை இருக்கிறதாம்! உடம்பெல்லாம் வண்ணம், குளிருக்கு வடக்கேயிருந்து வருமாம். எல்லோரையும் சேற்றில் குந்த வைத்துவிட்டார்.

என் ரூம்மேட் தனசேகர், நகரிக்காரன், காதைக் கடித்தான். "ஒத்த குருவிக்குப் பத்து பேர் குந்திக்கினு கீறோம். உண்மைய சொல்லிடு நைனா."

"சொன்னா நாளைக்கே மூட்டைய கட்டணும். வாய மூடிக்கினு குந்து."

அது கூவும் விதம் என்று மேனேஜர் இரண்டு இழுப்பாக விசிலடித்துக் கூப்பிட்டார். பதிலில்லை. மறுபடி அடித்தார். இல்லை. என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்... வேலை போச்சு என்று நினைத்தேன்.

தனசேகர் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் புதருக்குப் பின்னால் ஒதுங்கினான். சற்று நேரத்தில் அங்கிருந்து அதே விசில். டூரிங் டாக்கீஸில் பழகிய வாய்!

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மறுநாள் ஆபீஸில், ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு டைப் அடித்த பறவைப் பட்டியல், ஆளுக்கொரு காப்பி. கடைசி வரி: "பிட்டா – ஒன்று, சத்தம் மட்டும்." அன்று மாலையே கன்ஃபர்மேஷன் லெட்டர்.

இப்போது மகள் போனை நீட்டினால், சத்தத்தைக் கேட்டு அதுவே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரும் நமக்காகப் புதருக்குப் பின்னால் போகவும் வேண்டியதில்லை.

தனசேகர் ஷார்ஜாவில் இருக்கிறான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு போனிலும், "நீ துன்ற சோறு என் விசிலுடா" என்கிறான். நானும் ஆமாம் என்கிறேன்.

போன வாரம் பிஎஃப் வேலையாகப் பழைய ஃபைலைத் துழாவினேன். பட்டியலும் லெட்டரும் ஒரே கவரில் இருந்தன. லெட்டரில் மேனேஜர் கையெழுத்துக்குக் கீழே தேதி.

நாங்கள் திட்டுக்குப் போனதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.