பவானி பைபாஸில் அண்ணி

என் கணவர் வண்டியை எடுத்தால் எந்த ஊருக்குள்ளும் நுழைய மாட்டார். ஊர் தூரத்தில் தெரியும்போதே பைபாஸ் எங்கே பிரிகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கேட்டால் நெரிசல் என்பார். உண்மையான காரணம் சொந்தக்காரர்கள். போளூரில் அவருடைய சித்தப்பா, திருவண்ணாமலையில் என் பெரியம்மா, சேலத்தில் மூன்று பங்காளி வீடு, பவானியில் அவருடைய அக்கா. நாங்கள் ஆரணியில் தறி வைத்திருக்கும் குடும்பம். பெண் கொடுத்து, பெண் எடுத்து ஊருக்கு ஒருவர் வாய்த்துவிட்டார்கள். ஊருக்குள் போய் யார் கண்ணிலாவது பட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் வந்தால், அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

"கவர்மெண்டு எதுக்கு இவ்ளோ நீளத்துக்கு பைபாஸ் போட்டுகீது? சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்காகத்தான்" என்பது அவர் கட்சி.

எனக்கு பைபாஸ் என்றாலே ஆகாது. அங்கேயும் டீக்கடை இருக்கும், ஆனால் எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். கழிப்பறை என்று பெரிதாக போர்டு இருக்கும், கதவில் பூட்டுத் தொங்கும். சேலம் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இன்றுவரை சேலத்தைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு மட்டும் நானும் பைபாஸ் கட்சியில் சேர வேண்டியதாயிற்று. கோவையில் ஒரு கல்யாண வீட்டுக்கு நாங்கள் நெய்த முகூர்த்தப் புடவை, ஜரிகை வரத் தாமதமானதால் முந்தின நாள் சாயந்திரம்தான் தறியிலிருந்து இறங்கியது. ரவிக்கைத் துணி புடவையோடு சேர்ந்தே வருவது. மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். மூன்று மணிக்குள் துணி கைக்கு வந்தால் தைப்பேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அங்கே தையல்காரர் சொல்லிவிட்டாராம். பெண்ணின் அம்மா போனில் அழுதேவிட்டார். புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

"எங்க வேணா நிறுத்துங்க, பவானிக்குள்ள மட்டும் போயிடாதீங்க" என்று நானே சொன்னேன்.

பவானியில் இருக்கும் அவருடைய அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தங்கமானவர். அதுதான் தொந்தரவே. கடைசியாக அவர் வீட்டில் காபி மட்டும் குடிக்கலாம் என்று உட்கார்ந்தோம், நான்கு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தோம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அண்ணி மூன்று நாள் விருந்தையும் ஒரே வேளையில் இலையில் போட்டுவிடுவார். அதற்குப் பயந்தே அந்த வருஷம் மூன்று தடவை கோவைக்குப் போனபோதும் அவரிடம் மூச்சு விடவில்லை.

நாங்கள் போன வண்டிகூட அவர்களுடையதுதான். இனிமேல் ஸ்கூட்டர் போதும் என்று அவர்கள் விற்றபோது நாங்கள் வாங்கிக்கொண்டோம். முன்கண்ணாடியில் அவர்கள் ஒட்டிய பிள்ளையாரையும் பக்கத்தில் இருந்த, டோல் பணம் பிடிக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரையும் எடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

சேலம் பைபாஸைத் தாண்டி ஒரு டோல்கேட்டில் கட்டை தூக்கியது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. அண்ணி.

"எங்கம்மா கீறீங்க?"

"வீட்டுலதான் அண்ணி. இப்பதான் உலை வெச்சேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது.

"இன்னா சத்தம் அது?"

"தெருவுல நெல்லு லாரிங்க அண்ணி. களம்பூர் மில்லுக்குப் போவுது."

"தம்பி இன்னா பண்றான்?"

அவரைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். "தூங்கிகினு இருக்காருங்க" என்றேன்.

"சரி சரி, எழுப்பாத" என்று அண்ணி வைத்துவிட்டார்.

"பட்டப்பகல்ல நான் எதுக்குத் தூங்கணும்? உடம்புக்கு இன்னான்னு கேட்டு அக்கா கிளம்பி வந்துடப் போவுது" என்று தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் என்மேல் பாய்ந்தார். பவானி வரைக்கும் அந்தச் சண்டைதான்.

பவானி பைபாஸில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சாலையோரமாக ஒருத்தர் துண்டை வீசி எங்களை மறித்தார். பக்கத்தில் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் பக்கத்தில் குடை. குடைக்குக் கீழே, கையில் அடுக்குப் பாத்திரத்தோடு அண்ணி. துண்டை வீசியவர் அவருடைய கணவர்.

"அக்கா மாதிரி கீது" என்றார் என் கணவர்.

"அக்கா இங்க எதுக்கு வரப்போறாங்க?" என்றேன், சொன்ன பொய்யிலேயே நின்றுகொண்டு. அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

அண்ணி என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "ஆரணிக்குப் போற வண்டி எதுனா வருதான்னு பாத்துகினு நிக்கிறேன். தம்பி தூங்கிகினு கீறானாமே, எழுந்ததும் சாப்பிட இத அனுப்பலாம்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பேன்? கையும் களவுமாகப் பிடிபட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி போனைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வண்டி தாண்டிய டோல்கேட் எல்லாம் பணம் பிடித்த மெசேஜாக வரிசையாக அதில் இருந்தது. ஸ்டிக்கர் இன்னும் அவருடைய போன் நம்பரில்தான் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யத் தெரிந்த எங்களுக்கு நம்பர் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இந்த வருஷம் இதோட நாலாவது தடவ" என்றார்.

"அப்ப ஏன் அண்ணி இவ்ளோ நாளா கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். பாவம், உனக்கு அது சரியா வரல. இன்னிக்கு அவனுக்குப் புடிச்ச வாழப்பூ வட சுட்டுகினு கீறேன், டங்குனு மெசேஜ் வருது. மனசு கேக்கல."

மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, தையல்காரர் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்து இறங்கப் போனேன். அண்ணி கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"இறங்காத. கல்யாண வேல. ஜல்தி கிளம்புங்க. வடய வண்டியிலயே சாப்புடுங்க, பட்டு மேல எண்ணெய் பட்டுடப் போவுது."

என் கணவர் குற்ற உணர்ச்சியில் வாய் திறந்தார். "அக்கா, இன்னிக்கே நம்பர மாத்திடறேன். உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த அண்ணியின் முகம் வாடிவிட்டது.

"மாத்தாதடா. அது வந்தாதான் நீங்க நல்லபடியா போயிகினு கீறீங்கன்னு தெரியுது. நீங்களா எங்க போன் பண்றீங்க?"

அடுக்குப் பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு அண்ணி தள்ளி நின்றார். என் கணவர் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வடை சூடாகத்தான் இருந்தது.

இரண்டேகால் மணிக்குப் புடவையைச் சேர்த்தோம். மறுநாள் கல்யாணம் முடிந்து திரும்பும்போது, பவானி பைபாஸ் பிரியும் இடத்தில் என் கணவர் ஊருக்குள் வண்டியைத் திருப்பினார். நாங்கள் வருவதாகச் சொல்லவில்லை. வாசலில் செருப்பை விடும்போதே உள்ளே இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது தெரிந்தது.

"டோல் தாண்டினதுமே அப்பளம் பொரிச்சிட்டேன்" என்று அண்ணி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார். "வழியில இன்னா லேட்டு? சீக்கிரம் உக்காருங்க, நமுத்துப் போவுது."