மதிப்பிற்குரிய கம்ப்யூட்டருக்கு

சித்தப்பாவின் சைக்கிளில் முன்கம்பி என்னுடையது. எனக்கு வலிக்கக் கூடாது என்று அதில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஏற வந்தால் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொள்வேன். கம்பியில் வேண்டுமானால் ஏறிக்கொள்ளட்டும், துண்டைத் தர மாட்டேன். எனக்குச் சொந்தமானதைப் பங்கு போடும் குணம் அப்போது இல்லை. இப்போதும் அப்படியொன்றும் வளர்ந்துவிடவில்லை.

எண்பதுகள் முடியப்போகும் நேரம். ஈஸ்டர் கழிந்ததும் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. கோயிலில் மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை தூக்கிக்கொண்டு நடந்தவள் நான்தான். ஒரு நாள் கூத்து, அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த அந்தப் பெண் அடுத்த சனிக்கிழமையும் எங்கள் காரைக்கால் தலத்தெரு வீட்டிலேயே இருந்தாள். அதற்கும் அடுத்த சனிக்கிழமை எங்கள் சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“சித்தின்னு கூப்புடு” என்று அம்மா தொடையில் கிள்ளியும் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘அம்மா சாப்புடக் கூப்புடுறாங்க’ என்று மொட்டையாகவே பேசிச் சமாளித்தேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உறவைத்தான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் போனது சித்தப்பாவின் ஆபீஸுக்கு. அரசலாற்றுப் பாலம் தாண்டி, திருமலைராயன்பட்டினம் போகும் சாலையில், கடல் தண்ணீர் வயல்களுக்குள் எவ்வளவு தூரம் உப்பேற்றியிருக்கிறது என்று பார்க்கும் ஓர் அரசாங்க நிலையம் அது. பாலத்தின் மேல் கடல்காற்று எதிரே நின்று தள்ளும். சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குக் கதை சொல்லுவார். பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா, கேரியருக்குச் சிரிக்கிறாரா என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பேன். “ஆடாத பாப்பா, விழுந்துருவோம்” என்பார்.

அந்த ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. எங்கள் ஊரில் கோயிலுக்கு அடுத்தபடியாக எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தது அந்த அறைக்குள்தான். டெலிபோன் கம்பி வழியாக அது மெட்ராஸோடு பேசும். மெட்ராஸிலிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் நாம் எழுதுவதை வெளிநாட்டுக்குத் தள்ளிவிடும். ஆனால் ஆபீஸுக்கே ஒரு டெலிபோன்தான். அது ஆபீசர் மேசையை விட்டு நகர்வது சனிக்கிழமை மதியம் மட்டுமே.

சித்தப்பாவுக்கு ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. உப்புக் கணக்கைப் போட்டால் படமாக வரைந்து காட்டும் புரோகிராம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சும்மாவே கொடுக்கிறார்கள், இந்த விலாசத்துக்கு எழுதினால் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருவதற்குள் அது வந்தாக வேண்டும். வராவிட்டால் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் பாண்டிச்சேரிக்குப் போகும், சித்தப்பா ஏனாமுக்குப் போவார் என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

காரைக்கால் சர்க்கார் குடும்பங்களில் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பூச்சாண்டி தேவையில்லை, ஏனாம் போதும். அதுவும் எங்களைப் போலவே பாண்டிச்சேரி அரசாங்கம்தான், ஆனால் ஆந்திராவுக்குள், கோதாவரிக் கரையில் கிடந்தது. போனவர்கள் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார்கள். சித்தப்பா போனால் தனியாகவா போவார்? அவர்கள் இருவரும் ஏனாமில், நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தலத்தெருவில். நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் கடிதத்தை நானே எழுதினேன். கான்வென்டில் ஆங்கிலக் கடிதம் எழுதும் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். ‘ரெஸ்பெக்டட் சார்’ போடாத கடிதம், குளிக்காமல் பூசைக்கு வந்த மாதிரி என்று சிஸ்டர் சொல்லுவார். முதலில் ‘ரெஸ்பெக்டட் சார்’, பிறகு ‘வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன்’, நடுவில் இந்தப் புரோகிராமை அனுப்பினால் என்றும் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று ஒரு நீண்ட வாக்கியம், கடைசியில் ‘தேங்கிங் யூ’, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. ஒற்றை விரலால் தேடித்தேடித் தட்டினேன். சித்தப்பா என் தோளில் தட்டிக்கொடுத்தார். கேரியரில் வந்து பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் எட்டிப் படித்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. புரோகிராம் இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு வரியின் முதல் வார்த்தையையும் எடுத்துப் போட்டு, அது புரியவில்லை என்று எழுதியிருந்தது. ‘ரெஸ்பெக்டட்’ புரியவில்லை. ‘வித்’ புரியவில்லை. ‘தேங்கிங்’ கூடப் புரியவில்லை.

“தேங்க்ஸே புரியாத மனுஷனா?” என்றார் சித்தப்பா. பிறகு அவரே யோசித்து, “பெரிய ஆளு போலருக்கு. சார்னு போட்டது பத்தலையோ என்னமோ. டாக்டர்னு போடு பாப்பா” என்றார்.

ரெஸ்பெக்டட் டாக்டர் என்று போட்டேன். பணிவை இன்னும் இரண்டு வரி கூட்டினேன். அதற்கடுத்த வாரம் புரியாத வார்த்தைகளின் வரிசை இன்னும் நீளமாக வந்தது. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. ஆபீசர் வாசலில் வந்து நின்று, “என்னப்பா, ஏனாமுக்குப் பெட்டி கட்டலாமா?” என்று கேட்டுவிட்டு அவரைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார்.

அறையில் நானும் அந்த முக்காலியும் மிச்சம். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தவள் என்று வீட்டில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அது டைப் அடிக்கிற வேலை என்றுதான் சித்தப்பா உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம். அவளிடம் கேட்பதை விட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏனாம் கண்முன் வந்து நின்றது.

“சித்தி” என்றேன். “ரெஸ்பெக்டடுக்கு மேல மரியாதையா வேற வார்த்தை இருக்கா?”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

“மரியாதையே வேணாம்மா. அந்தப் பக்கம் ஆளு யாரும் இல்ல. அதுவும் கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு வரியயும் கட்டளைன்னு நெனச்சிப் படிக்கும். அதுக்கு ‘அனுப்பு’ன்னு ஒரு வார்த்த, என்ன வேணுங்கிற பேரு, அவ்வளவுதான் தெரியும்.”

“சார்னு கூடப் போட வேணாமா?”

“போட்டா திரும்பவும் புரியலம்பும்.”

என் வரிகளை அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். சிஸ்டர் பரிசு கொடுத்த வரிகள் அத்தனையும் போய், யாரோ வேலைக்காரனை அதட்டுகிற மாதிரி ஒரே ஒரு வரி நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை புரோகிராம் வந்துவிட்டது, துண்டு துண்டாக, பல கடிதங்களில். ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த விலாச வரிகளைத் திரையிலேயே வெட்டிவிட்டு வரிசையாக ஒட்டினால்தான் உயிர் வரும் என்றாள் சித்தி. வெட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். கோபம் தீர வெட்டினேன். சாயங்காலத்துக்குள் திரையில் உப்பு படமாக எழுந்து நின்றது. ஆபீசரே வந்து பார்த்தார். ஏனாம் பேச்சு அதோடு நின்றது.

எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. வீடு திரும்பும்போது சித்தப்பா வழி முழுக்கத் தலையைப் பின்னால் திருப்பியே பேசிக்கொண்டு வந்தார். “ஆடாதீங்க சித்தப்பா, விழுந்துருவோம்” என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. வயிறு எரிந்தது. கட்டியிருந்த துண்டின் நூலைப் பிய்த்துக்கொண்டே வந்தேன்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு அந்தக் கடிதத்துக்குத் திரும்பியது.

“சும்மா சொல்லக் கூடாது சித்தி, ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிட்டீங்க” என்றேன்.

“ஒரே நிமிஷமா? நீ மொத சனிக்கெழம டைப் அடிச்சப்பவே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

சித்தப்பா கொல்லைப்பக்கம்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். “உங்க சித்தப்பா பேசுறது பூரா உன்கிட்ட. கேரியர்ல உக்காந்தவளுக்கு முதுகுதான் தெரியும். ஏனாம் போனா முன்கம்பில உக்கார ஆளே இருக்காதுல்ல. ரெண்டு வாரம் பல்லக் கடிச்சிட்டுப் பேசாம இருந்துட்டா டிரான்ஸ்பர் வந்துரும்னு பாத்தேன்.”

அந்தச் சைக்கிளில் வயிறு எரிந்துகொண்டு போனவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

சித்தி தம்ளரைக் கீழே வைத்தாள். “நீதான் அன்னிக்குன்னு பாத்து சித்தின்னு கூப்புட்டுட்ட” என்றாள்.